பாட்டு நின்றது, பாக்கெட் நகர்ந்தது: நிர்மா ஜிங்கிள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா விளையாட்டாக "வாஷிங் பவுடர்..." என்று இழுத்துவிட்டு நிறுத்தினேன். எழுபதைத் தாண்டிய பெரியம்மா "நிர்மா" என்று முடித்தார். என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் மெட்டோடு அடுத்த வரிக்கே போய்விட்டார்கள். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் தூர்தர்ஷனைப் பார்த்தே வளராதவன். அவனும் பாடினான்.

"உங்க வீட்ல என்ன பவுடர்டா வாங்குறீங்க?" என்று கேட்டேன்.

"பவுடரா? மெஷினுக்கு லிக்விட்தான் மாமா."

பெரியம்மாவிடமும் கேட்டேன். "அப்போ வாங்கினோம்ப்பா. அப்புறம் கடைக்காரர் எது குடுத்தாரோ அது."

பத்துப் பேர் இருந்த கூடத்தில் பத்துப் பேருக்கும் பாட்டு தெரிந்திருந்தது. அன்றைக்கு ஒருவர் வீட்டிலும் அந்தப் பாக்கெட் இல்லை. இதைப் புள்ளிவிவரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு வீட்டுக் கூடத்துச் சங்கதி, அவ்வளவுதான். ஆனால் ஒரு நல்ல கேள்வி அதில் இருக்கிறது. சுமார் அரை நூற்றாண்டாக உயிரோடிருக்கும் ஒரு விளம்பரப் பாட்டை, அந்தப் பொருளை வாங்காதவர்களே பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அது ஜெயித்த பாட்டா, தோற்ற பாட்டா?

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: பெயரில்லாத மலிவுத் தூள் ஒன்றுக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் கடையில் கேட்டு வாங்கும்படி ஒரு பெயரைக் கொடுப்பது. அதைப் பிரமாதமாகச் செய்து முடித்துவிட்டது. அதற்குப் பின் அது வாழ்வது பென்ஷன் வாழ்க்கை.

மஞ்சள் தூள்

1969. அகமதாபாத். குஜராத் அரசின் புவியியல், சுரங்கத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்த கர்சன்பாய் பட்டேல், வேலை முடிந்து வந்து வீட்டுப் புழக்கடையில் மஞ்சள் நிறச் சலவைத்தூள் கலக்க ஆரம்பித்தார். வேதியியல் படித்தவர். பாக்கெட்டுகளை சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றார். மகள் நிருபமாவை வீட்டில் நிர்மா என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரையே தூளுக்கும் வைத்தார்.

அன்றைக்குச் சலவைத்தூள் என்றால் சர்ஃப்தான். ஹிந்துஸ்தான் லீவர் 1959இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த நீலத் தூள். பட்டேலின் தூள் விற்ற காலத்தில் சர்ஃப் கிலோ 13 ரூபாயை ஒட்டி இருந்தது. நிர்மா 3 ரூபாய்ச் சொச்சம். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விலை. நடுத்தர வீடுகளில் சர்ஃப் என்பது பட்டுப்புடவைக்கும் ஆபீஸ் சட்டைக்கும் மட்டும். மற்றதெல்லாம் சோப்புக்கட்டியைத் தேய்த்து, துவைக்கிற கல்லில் அடித்து, கடைசியாக நீலம் போட்டு அலசுவது.

விலை எப்படி இவ்வளவு இறங்கியது என்பதில் மாயம் எதுவும் இல்லை. பெரிய கம்பெனிகள் சலவைக் கூழை உயரமான கோபுரத்துக்குள் தெளித்து, சூடான காற்றில் உலர்த்தி, லேசான பொரி போன்ற தூளாக எடுப்பார்கள். அந்தக் கோபுரத்துக்கு முதலீடு வேண்டும், எரிபொருள் வேண்டும். பட்டேல் சோடா ஆஷ் என்ற காரத் தூளையும் சிலரி என்ற அமிலக் கூழையும் கையால் கலந்தார். இன்றைக்கும் நம் ஊர்களில் வீட்டுத் தொழிலாகச் சோப்புத்தூள் போடுகிறவர்கள் செய்கிற அதே முறைதான். வாசனையும் வெண்மையூட்டும் சேர்மானமும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் பை. கையால் கலக்கும் சிறுதொழில் என்பதால் வரிச் சலுகை. சம்பளத்துக்கு விற்பனைப் பட்டாளம் வைக்காமல் கமிஷனுக்கு எடுத்து விற்கும் ஸ்டாக்கிஸ்டுகளை வைத்தே ஓட்டினார்.

சரி, இதெல்லாம் ஒருவருக்குச் சாத்தியம் என்றால் அடுத்த தெருக்காரருக்கும் சாத்தியம்தானே? சோடா ஆஷ் கடையில் கிடைக்கும், சிலரி கிடைக்கும், தொட்டி கிடைக்கும். மலிவுத் தூளின் பெரிய பலவீனம் இதுதான். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது. தொட்டியில் கலக்க முடியாத சரக்கு ஒன்றே ஒன்றுதான், பெயர். அதற்காகத்தான் பாட்டு.

மூன்று தேமா

பாட்டு 1975இல் வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது. 1982இல் தொலைக்காட்சிக்கு வந்தது. விளம்பரத்தைச் செய்தது பம்பாய்ப் பெரிய ஏஜென்சி எதுவும் இல்லை, அகமதாபாத்தின் பூர்ணிமா அட்வர்டைசிங். மெட்டமைத்தவர் வேத் பால்.

பாட்டில் என்ன இருக்கிறது? முதல் வரியிலேயே பொருளின் பெயர் இரண்டு முறை. அப்புறம் பால் போன்ற வெண்மை, வண்ணத் துணிகூடப் பூத்து நிற்கும் என்று இரண்டு வாக்குறுதி. கடைசியில் எல்லாருக்கும் பிடித்தது நிர்மா. தொலைக்காட்சி வடிவத்தில் ஹேமா, ரேகா, ஜெயா, சுஷ்மா என்று நாலு பெண்களின் பெயர். அன்றைய இந்தி சினிமா பார்த்தவருக்கு முதல் மூன்றும் நட்சத்திரங்களாகவே காதில் விழுந்திருக்கும். மற்றவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்களாக. காசு கொடுக்காமல் கிடைத்த நட்சத்திர அந்தஸ்து என்று வைத்துக்கொள்ளலாம்.

கவிதையாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த முதல் வரியைப் பாடுகிறபடியே உச்சரித்துப் பாருங்கள்: வாஷிங், பவ்டர், நிர்மா. நம் யாப்பிலக்கணப்படி அசை பிரித்தால் மூன்றுமே நேர்நேர், மூன்றுமே தேமா. எங்கும் இடறல் இல்லை. தாலாட்டும் கோலாட்டமும் கும்மியும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பழகிய நடை. கடைசிச் சொல் நெடிலில் முடிவதால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். சர்ஃப் என்ற சொல்லை இழுத்துப் பாருங்கள், உதடு மூடிக்கொள்ளும். பெயரிலேயே ஒருவருக்குப் பாட்டு இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. இதைப் பட்டேல் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மகளின் செல்லப் பெயர் அப்படி வாய்த்தது. செல்லப் பெயர்களே கூப்பிட்டு இழுக்கத்தானே இருக்கின்றன.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. பல்லவி முழுக்க எந்த மொழியிலும் இல்லை. வாஷிங் பவுடர் என்பது எல்லா ஊரிலும் புழங்கிய ஆங்கிலச் சொல், நிர்மா என்பது பெயர். இந்தி தெரியாத தமிழ்நாட்டு வீட்டிலும், வங்காளத்திலும், கேரளத்திலும் அந்த வரிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மற்ற வரிகளை நாங்கள் தூர்தர்ஷன் இந்தியில் கேட்டபடி, வாய்க்கு வந்த ஒலியாகப் பாடினோம். அர்த்தம் தெரியாததால் ஒரு குறையும் வரவில்லை. தெரிய வேண்டிய இரண்டே விஷயம், என்ன பொருள், என்ன பெயர், பல்லவியிலேயே வந்துவிட்டது.

அந்த "என்ன பொருள்" என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சோப்புக்கட்டி மட்டுமே பார்த்த கோடிக்கணக்கான வீடுகளுக்கு வாஷிங் பவுடர் என்பதே புதுச் சரக்கு. பாட்டு பொருளின் இனத்தையும் பெயரையும் ஒட்டவைத்து ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தது. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 43.57 சதவீதம். பாதிப் பேருக்கு மேல் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது. வெள்ளைக் கவுன் போட்டுச் சுழலும் சிறுமியின் படமும், வாயில் நிற்கும் ஒரு வரியும் இருந்தால் போதும். குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் சரியான பாக்கெட்டோடு திரும்பி வரும். மறக்காமல் இருக்க வழியெல்லாம் பாடிக்கொண்டே போகும்.

தப்பிக்க வழியில்லாத பார்வையாளர்

தூர்தர்ஷனில் விளம்பரம் 1976இல் தொடங்கியது. நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சி ஒளிபரப்பாவதும் வண்ணமும் 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தன. நிர்மா பாட்டும் அதே வருடம் திரைக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே சேனல். தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டி. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் பத்து வீட்டு ஆட்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். விளம்பரம் வந்தால் எழுந்து போக மாட்டார்கள், இடம் போய்விடும். சேனல் மாற்ற மற்றொரு சேனல் கிடையாது. குழந்தைகளுக்கோ செய்தியைவிட விளம்பரம் பிடிக்கும். இப்படிப்பட்ட பார்வையாளர்கள் விளம்பர உலகத்துக்கு அதற்கு முன்னாலும் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்கப் போவதில்லை. நிர்மா பாட்டின் புகழில் கணிசமான பங்கு இந்தச் சூழலுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்து மற்ற விளம்பரப் பாட்டுகளும் நம் தலைமுறைக்குப் பாடம்தான். "அந்தக் காலம் போல இப்போது யாரும் ஜிங்கிள் போடுவதில்லை" என்று சலித்துக்கொள்கிறவர்கள், அந்தக் காலம் போல இப்போது யாரும் அடைபட்டு உட்கார்ந்திருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து விநாடியில் தள்ளிவிட்டுப் போகும் பொத்தான் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது.

ஆனால் அன்று தூர்தர்ஷனில் வந்த அத்தனையும் மனதில் நிற்கவில்லையே. அங்கேதான் பட்டேலின் பிடிவாதம் வருகிறது. மெட்டை மாற்றவே இல்லை. விளம்பரத் துறையில் ஒரு வியாதி உண்டு: பார்க்கிறவர் சலிப்பதற்கு முன்பே எடுக்கிறவர் சலித்துவிடுவார். புதிய மேலாளர் வருவார், புது ஏஜென்சி வரும், "பழசாகிவிட்டது, மாற்றுவோம்" என்பார்கள். குடும்பத்தொழில் போல நடந்த கம்பெனியில் அந்தத் தொல்லை இல்லை. வேறு படம் எடுத்தாலும் அதே மெட்டு, அதே பல்லவி.

லலிதாஜி பேசினார், நிர்மா பாடியது

சர்ஃப் சும்மா இருக்கவில்லை. 1980களில் லிண்டாஸ் ஏஜென்சியின் அலிக் பதம்ஸி உருவாக்கிய லலிதாஜி வந்தார். காய்கறிக்கு ஒவ்வொரு பைசாவும் பேரம் பேசுகிற கறாரான குடும்பத் தலைவி. கேமராவைப் பார்த்து, மலிவான பொருளுக்கும் நல்ல பொருளுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ சாதாரணத் தூளுக்குச் சமம் என்று கணக்குச் சொல்வார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த இரண்டு விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். லலிதாஜி வாதம் செய்கிறார், நிர்மா வாதத்துக்கே வரவில்லை. லலிதாஜியைப் பார்த்தவர்களுக்கு அந்த முகமும் புடவையும் அதட்டலும் இன்றும் ஞாபகம் இருக்கும். அவர் சொன்ன கணக்கைக் கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். வாதம் மூளைக்குப் போகிறது, அங்கே மற்ற வாதங்களோடு முட்டிக்கொள்கிறது. பாட்டு வாய்க்குப் போகிறது. அப்புறம், நாலு மடங்கு விலை வித்தியாசத்துக்கு முன்னால் எந்த வாதமும் மாதக் கடைசியில் எடுபடாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சர்ஃபைக் காப்பாற்றியதில் லலிதாஜிக்குப் பங்கு உண்டு. அவர் காப்பாற்றியது சர்ஃப் வாங்கக்கூடியவர்களிடம்.

வணிகக் கல்லூரிகளில் விரும்பிச் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. கடைகளில் கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் வரவில்லை. பட்டேல் ஆட்களை அனுப்பி விற்காத பாக்கெட்டுகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார். அதே நேரம் தொலைக்காட்சியில் பாட்டைப் போட்டுத் தள்ளினார். ஜனங்கள் கடைக்குப் போய் நிர்மா கேட்டார்கள், இல்லை. மறுபடி போனார்கள், இல்லை. கடைக்காரர்களே வந்து கெஞ்சிய பிறகு சரக்கை இறக்கினார் என்பார்கள். சொல்லச் சொல்ல மெருகேறிய கதை இது என்பது கேட்டாலே தெரியும். இருந்தாலும் இந்த ஆய்வுக்கு அது தேவை, ஏனென்றால் பாட்டு எங்கே வேலை செய்தது என்பதை அது சரியாகக் காட்டுகிறது. கடை கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் வாயில் ஒரு பெயரை வைத்தது. "சோப்புத்தூள் குடுங்க" என்று கேட்டால் எதைக் கொடுப்பது என்பது கடைக்காரர் கையில்; எதில் லாபம் அதிகமோ அதை எடுத்துக் கொடுப்பார். "நிர்மா குடுங்க" என்றால் அதிகாரம் கைமாறிவிட்டது.

1985 வாக்கில் விற்பனை அளவில் நிர்மா சர்ஃபைத் தாண்டியது. சைக்கிளில் தொடங்கிப் பதினாறு வருடம்.

அதே விலையில் இன்னொருவர் வந்தபோது

ஹிந்துஸ்தான் லீவர் கடைசியில் புரிந்துகொண்டது. சர்ஃபைக் கொண்டு நிர்மாவை அடிக்க முடியாது, நிர்மாவைப் போன்ற ஒன்றைக் கொண்டுதான் அடிக்க வேண்டும். நிர்மாவின் வளர்ச்சியைத் தடுப்பதற்கென்றே ஒரு திட்டம் போட்டு, அதற்கு ஸ்டிங் என்று பெயர் வைத்தார்கள். கொடுக்கு என்று அர்த்தம். 1980களின் பிற்பகுதியில் வீல் என்ற தூள் வந்தது. விலை நிர்மாவுக்குப் பக்கத்தில். சோடா அதிகமுள்ள தூள் கையைக் காயவைக்கும், எரியவைக்கும் என்பது துவைக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். வீல் விளம்பரம் நேராக அதில் கை வைத்தது: கைக்கும் துணிக்கும் பாதுகாப்பு.

இங்கே பாட்டின் எல்லை தெரிந்துவிடுகிறது. மலிவு என்பது நிர்மாவிடம் மட்டும் இருந்தவரை, பெயரை ஞாபகப்படுத்தினாலே போதும், மீதியை விலை பார்த்துக்கொண்டது. அதே விலையில் இன்னொன்று கிடைத்ததும், "ஏன் இது?" என்ற கேள்வி முதன்முறையாக எழுந்தது. பாட்டிடம் அதற்குப் பதில் இல்லை. பால் போன்ற வெண்மை என்று எல்லோரும்தான் சொல்வார்கள். பிறகு கான்பூரிலிருந்து காரி என்ற தூள் கிளம்பி, 2010களின் தொடக்கத்தில் வீலையும் விற்பனை அளவில் முந்தியது. காரியின் வாசகமே "முதலில் பயன்படுத்துங்கள், பிறகு நம்புங்கள்" என்ற பொருள்பட அமைந்தது. கொஞ்சம் நிதானமான, கிராமத்துக் கடைக்காரர் பேச்சு.

பாட்டை மறந்ததால் ஜனங்கள் விலகவில்லை. பெரியம்மா சொன்னதுதான் நடந்தது: "அப்புறம் கடைக்காரர் எது குடுத்தாரோ அது." அதிகாரம் கல்லாவுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

கம்பெனி இதில் நொடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தூளுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தானே தயாரிக்க இறங்கி, சோடா ஆஷில் பெரிய ஆளாகி, 2007இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சோடா ஆஷ் நிறுவனமான சியர்ல்ஸ் வேலி மினரல்ஸையே வாங்கியது. 2016இல் லஃபார்ஜின் இந்திய சிமெண்ட் தொழிலை வாங்கியது. பட்டேலுக்கு 2010இல் பத்மஸ்ரீ. சோடா ஆஷுக்கோ சிமெண்டுக்கோ எந்தக் குழந்தையும் பாட்டுப் பாடவில்லை.

ஏன் போகமாட்டேன் என்கிறது

வாங்குவது நின்ற பிறகும் பாட்டு ஏன் தலையைவிட்டுப் போகவில்லை என்பது தனிக் கேள்வி. உளவியலில் இதற்குச் சில தடயங்கள் இருக்கின்றன. ஒரு பொருளை அடிக்கடி பார்ப்பதே, வேறு காரணம் எதுவும் இல்லாமல், அதன்மேல் ஒரு பிரியத்தை உண்டாக்கும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் எழுதினார். பாட்டாகச் சொன்னால் வார்த்தைகள் நன்றாக நினைவில் நிற்குமா என்று 1994இல் வாண்டா வாலஸ் சோதித்தார். முடிவு சுவாரசியமானது: மெட்டு உதவும், ஆனால் அது திரும்பத் திரும்ப வந்து, எளிதாகப் பழகக்கூடியதாக இருந்தால்தான். பழகாத மெட்டு வார்த்தையைக் காப்பாற்றுவதில்லை. காது மெட்டைத் துரத்திக்கொண்டு போகும்போது சொல் நழுவிவிடும்.

இதை ஒரு சின்ன வியாபாரியின் கண்ணால் பார்த்தால் பெரிய எச்சரிக்கை. உள்ளூர் எஃப்.எம்.மில் பதினைந்து நாளைக்கு ஜிங்கிள் போட்டுவிட்டு "பாட்டு எடுபடவில்லை" என்று நிறுத்துகிறவர்கள், செலவின் கசப்பான பகுதியை மட்டும் செய்துவிட்டு இனிப்பான பகுதி வருமுன் எழுந்துவிடுகிறார்கள். அந்தப் பணத்துக்குத் தெளிவாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம். பாட்டு என்பது நீண்டகாலக் குத்தகை.

மற்றொரு தடயம் வயது. சின்ன வயதில் கேட்ட பாட்டு ஏறுகிற இடம் வேறு. நிர்மா பாட்டைக் கேட்டவர்களில் பெரிய கூட்டம் சலவைத்தூள் வாங்காத கூட்டம், அதாவது குழந்தைகள். விளம்பரக் கணக்குப்படி அது வீண் செலவு. ஆனால் அவர்கள்தான் பாட்டை வீட்டுக்குள்ளும் தெருவிலும் பள்ளி வேனிலும் இலவசமாக ஒலிபரப்பியவர்கள். இன்று நாற்பது, ஐம்பது வயதில் அதைப் பாடும்போது அவர்கள் பாடுவது துணி துவைப்பதைப் பற்றி இல்லை. அந்தத் திண்ணை, அந்தக் கருப்பு வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். சலவைத்தூள் கம்பெனிக்கு அதில் உரிமை கோர வழியில்லை.

ஜிங்கிளின் ஆதிக் கதையும் இதே திசையில்தான் போகிறது. 1926 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அமெரிக்காவின் மினியாபொலிஸ் வானொலியில் நாலு ஆண்கள் வீட்டீஸ் என்ற காலை உணவைப் பற்றிப் பாடினார்கள். 1929இல் அதைத் தயாரித்த ஜெனரல் மில்ஸ் அந்தச் சரக்கையே நிறுத்திவிட யோசித்தபோது, விற்ற 53,000 பெட்டிகளில் 30,000 பெட்டிகள் பாட்டு ஒலித்த அந்த ஒரு வட்டாரத்தில் போயிருப்பது தெரிந்தது. நிறுத்தவில்லை, பாட்டை நாடெங்கும் கொண்டுபோனார்கள். அங்கேயும் சரக்கில் குறை இல்லை, யாருக்கும் அது தெரியாதது ஒன்றுதான் குறை. தெரியாத பெயரைத் தெரிந்த பெயராக்குவதில் பாட்டுக்கு நிகர் இல்லை. தெரிந்த பெயரை விரும்பப்படும் பெயராக்க அது போதாது.

இதைப் புரிந்துகொண்டதால்தானோ என்னவோ, பின்னால் வந்த பெரிய பிராண்டுகள் வார்த்தையை உதறிவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டன. டைட்டன் 1987இல் மொஸார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து ஒரு துண்டை எடுத்தது. இன்டெல் 1994இல் சில ஸ்வரங்களோடு முடித்துக்கொண்டது. ஏர்டெல்லுக்கு 2002இல் ஏ. ஆர். ரஹ்மான் போட்ட மெட்டு எத்தனை கோடி போனில் அடித்திருக்கும்! சினிமாவுக்கு வருமுன் சென்னையில் விளம்பரப் பாட்டுகளாகப் போட்டுத் தள்ளியவர் அவர். ஆனால் ஏர்டெல் மெட்டில் ஏர்டெல் என்ற சொல் இல்லை. பெயர் ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பின்னால் கோடிக்கணக்கில் விளம்பரச் செலவு இருக்க வேண்டும். பெயரில்லாத மஞ்சள் தூளுக்கு அந்த வசதி கிடையாது. அது தன் பெயரைத் தானே கூவித்தான் ஆக வேண்டும்.

பென்ஷன் காலம்

நிர்மா பாட்டைக் கம்பெனி இன்றும் விடவில்லை. ஹேமா, ரேகா, ஜெயா, சுஷ்மா நால்வரும் சேற்றில் சிக்கிய ஆம்புலன்ஸைத் தள்ளிவிடுவதாக ஒரு விளம்பரம் வந்தது. அது நன்றாகவே இருந்தது, அந்தப் பெயர்களுக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது. 2020 ஜனவரியில் அக்ஷய் குமார் மராட்டியப் போர்வீரராக வந்து, கறைபடிந்த உடையை வீரர்களோடு சேர்ந்து துவைப்பதாக எடுத்த விளம்பரம், மராட்டியர்களை இழிவுபடுத்துகிறது என்று புகார் வரை போனது. என் பார்வையில் அதன் உண்மையான தவறு வேறு. பாட்டுக்கே நட்சத்திரம் தேவைப்படாதபோது நட்சத்திரத்தைக் கூட்டிவந்தார்கள்.

இதற்கிடையே நிருபமாவின் கதை வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பெண் விபத்தில் இறந்துபோனவர் என்பார்கள். மகளின் பெயரை நாடே பாட வேண்டும் என்று தகப்பன் எண்ணினார் என்ற முத்தாய்ப்போடு அது வரும். படித்துவிட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. நானும் கலங்கினேன். ஆனால் பாட்டு புகழ்பெற்ற காலத்தில், அதைப் பாடிக்கொண்டு கடைக்கு ஓடிய பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது. பாட்டு மனதில் நிலைத்ததற்கு இந்தச் சோகத்தைக் காரணமாகச் சொல்வது, மரம் வளர்ந்த பிறகு ஊற்றிய தண்ணீருக்குப் பெருமை சேர்ப்பது போல. பாட்டு ஏற்கெனவே நம்மிடம் இருந்ததால்தான் கதை நம்மைத் தொட்டது.

2023 மார்ச்சில் ஹைதராபாத்தில் சுவரொட்டிகள் முளைத்தன. கவுன் போட்டுச் சுழலும் அந்தச் சிறுமியின் உடலில், கட்சி மாறிய அரசியல்வாதிகளின் முகங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. வேறு கட்சியில் இருந்தபோது பட்ட கறையெல்லாம் புதுக் கட்சிக்கு வந்ததும் வெளுத்துவிட்டது என்ற கேலி. யார் ஒட்டினார்கள், யாரைக் கேலி செய்தார்கள் என்ற அரசியலுக்குள் இந்த ஆய்வு போக வேண்டியதில்லை. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, அது சத்தமே போடாத காகிதம் என்பதுதான். சிக்னலில் நின்றவர்கள் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் மெட்டு தானாக ஓடியிருக்கும். சிரித்துவிட்டு, பச்சை விளக்கு விழுந்ததும் கிளம்பியிருப்பார்கள். போகிற வழியில் எத்தனை பேர் கடையில் நிறுத்தி நிர்மா வாங்கியிருப்பார்கள் என்பது வேறு கணக்கு.